முட்டை பொரிகிறது, குஞ்சு நிற்கவில்லை

கேள்வி: வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். அதில் ஒரு ஜோடி நீமோ மீன். ஹேச்சரியில் பொரித்த குஞ்சுகளாக வாங்கி வளர்த்தவை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டிக்குள் கிடக்கும் மண்சட்டியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை ஒட்டுகின்றன. ஆண் மீன் அந்த இடத்தைவிட்டு நகராமல் விசிறிக்கொண்டே இருக்கிறது. எட்டாம் நாள் ராத்திரி பொரிந்துவிடுகிறது. காலையில் குஞ்சுகளை வலையில் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றுகிறேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விட்டேன். இறால் ஹேச்சரியில் வேலை பார்க்கும் என் தம்பி கொடுத்த ஆர்ட்டீமியா முட்டையையும் பொரிக்கவைத்துப் போட்டேன். முதல் நாள் நன்றாகத்தான் ஓடுகின்றன. மூன்றாம் நாள் பாதி போய்விடும். நான்காம் நாள் காலையில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு முறையும் இதே கதைதான். நன்னீரில் கப்பி, மோலி, ஃபைட்டர் எல்லாம் குஞ்சு எடுத்துப் பழக்கம் உண்டு. இதில் எங்கே தப்பு? இது வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய காரியம்தானா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: வீட்டில் செய்யக்கூடியதுதான் அம்மா. நீமோ என்று நாம் கூப்பிடும் க்ளவுன் மீன்தான் அதற்கு ஏற்ற முதல் மீனும்கூட. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது "நான்காம் நாள்" என்ற சொல். கடல் மீன் குஞ்சு எந்த நாளில் சாகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பொரித்த இரவோ மறுநாளோ செத்தால் மாற்றும்போது அடிபட்டிருக்கும், அல்லது தண்ணீர் ஒத்துப்போகவில்லை. எட்டு, பத்து நாள் வரை வளர்ந்து அதன்பின் கொத்தாகச் செத்தால் தின்ற தீனியில் சத்து போதவில்லை. மூன்றாம், நான்காம் நாளில் செத்தால் அது பட்டினி. உங்கள் குஞ்சுகள் பட்டினியால் செத்திருக்கின்றன. தொட்டியில் தீனி இருந்தும் அவற்றால் தின்ன முடியவில்லை.

க்ளவுன் மீன் குஞ்சு பொரியும்போது 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கண் தெளிந்திருக்கும், வாய் திறந்திருக்கும், பொரித்த சில மணி நேரத்தில் இரை தேடத் தொடங்கிவிடும். வயிற்றில் கருவுணவு மிச்சம் கொஞ்சம்தான். அது தீர்ந்த பிறகு வெளியிலிருந்து கிடைத்தால்தான் உயிர். அந்தச் சின்ன வாய்க்கு முதல் சில நாட்கள் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையுள்ள உயிர் வேண்டும். நீங்கள் போட்ட ஆர்ட்டீமியாவின் இளம்புழு பொரிந்த உடனேயே 0.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். குஞ்சு அதைக் கண்டாலும் விழுங்க முடியாது. மஞ்சள் கருவோ அசையாது. அசையாத பொருளை இந்தக் குஞ்சு இரையாகவே பார்க்காது. அடியில் போய்ப் படிந்து, அழுகி, அம்மோனியாவை ஏற்றிவிடும். பசியோடு இருக்கும் குஞ்சுக்கு அது இன்னொரு அடி. மஞ்சள் கருவை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கப்பியும் மோலியும் வளர்ந்த குட்டியாகவே வெளியே வருகின்றன, தூள் தீனியைத் தின்றுவிடும். ஃபைட்டர் குஞ்சுக்குச் சருகு ஊறிய தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிரே போதும். அந்தப் பழக்கத்தில் நீங்கள் முதலில் முட்டையைப் பார்த்தீர்கள், அப்புறம் தீனியைத் தேடினீர்கள். கடல் மீனில் இந்த வரிசை செல்லாது. முதலில் பாசி, அந்தப் பாசியைத் தின்னும் ரோட்டிஃபர், ரோட்டிஃபர் தொட்டி நிறைந்து வழியும்போதுதான் முட்டை. ஹேச்சரிகளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி மீனைப் பார்ப்பது அல்ல, மீனின் தீனிக்குத் தீனி போடுவதுதான். ஆகவே அடுத்த இரண்டு முறை வைக்கும் முட்டைகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். பொரியும் குஞ்சுகள் பெரிய தொட்டியிலேயே போய்விடும் என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் அந்த ஒரு மாதம் உங்களுக்குத் தேவை. அந்த ஜோடி திரும்பத் திரும்ப முட்டை வைக்கும்.

முதலில் பாசி. நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசியைத்தான் பெரும்பாலான கடல் மீன் ஹேச்சரிகளில் ரோட்டிஃபருக்குக் கொடுக்கிறார்கள். ஒரு செல் 2 முதல் 4 மைக்ரான்தான், ரோட்டிஃபரின் வாய்க்குச் சரியான அளவு. கெட்டியாக வளரும், கொஞ்சம் வெப்பமும் தாங்கும். தாய்ப்பாசிக்கு நீங்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 2010-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கோபியா மீனைப் பொரிக்கவைத்துக் குஞ்சு எடுத்த இடம் அது. வளர்ந்தால் ஆள் உயரத்தை எட்டும் கோபியாவும் முதல் வாரத்தில் தின்றது இதே ரோட்டிஃபரைத்தான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் க்ளவுன் மீன் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் விசாரித்து வாங்கும் சுத்தமான தாய்ப்பாசி அரை லிட்டர், எங்கிருந்தோ வரும் பச்சைத் தண்ணீர் பத்து லிட்டரைவிட மேல்.

கடல்நீர் பக்கத்திலேயே கிடைப்பது உங்களுக்கு வசதி. ஆனாலும் துறைமுகம், கழிவுநீர் வாய்க்கால், ஆலைத் தண்ணீர் விழும் இடம் ஆகியவற்றை விட்டு விலகி எடுங்கள். போல்டிங் என்ற நுண்கண் துணியில் வடிகட்டி, இருட்டில் இரண்டு நாள் தெளியவிட்டு, ப்ளீச்சிங் போட்டுக் கிருமி நீக்கி, ஏர் பம்ப் ஓடவிட்டு, சோடியம் தயோசல்ஃபேட் போட்டு மிச்சக் குளோரினை முறித்த பிறகே பாசிக்குப் பயன்படுத்த வேண்டும். உப்பு 25 பிபிடி (ஆயிரத்துக்கு 25 பங்கு) அளவுக்கு வரும்படி நல்ல தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் நான்கு போதும். ஒவ்வொன்றிலும் முக்கால் பாட்டில் தண்ணீர், கால்பங்கு தாய்ப்பாசி, கான்வே என்ற பாசி உரக்கரைசல், வாங்கும் இடத்தில் சொன்ன அளவில். ஏர் ஸ்டோன் வேண்டாம். குழாயின் வெறும் முனையே போதும், பெரிய குமிழிகள் வந்து பாசியை அடியில் தங்கவிடாமல் புரட்ட வேண்டும். ஒரு சாண் தள்ளி டியூப் லைட், நாளுக்கு 16 மணி நேரம். வெயில் நேராக விழும் ஜன்னலில் வைக்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் பாட்டில் மதியத்துக்குள் சூடேறிவிடும். 30 டிகிரிக்குக் கீழே இருக்கப் பாருங்கள்.

ஐந்தாறு நாளில் பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியாத அளவுக்குக் கரும்பச்சை ஏறும். அப்போது முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் புதுத் தண்ணீரும் உரமும் சேர்த்துத் திரும்ப ஓடவிடலாம். தயிருக்கு உறைமோர் எடுத்துவைப்பதுபோல எப்போதும் ஒரு பாட்டிலைத் தொடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்கிவிட்டால் சில வாரம் உயிரோடு இருக்கும். பாசி ஒருநாள் சொல்லாமல் விழும். பச்சை மங்கி மஞ்சளாகும், அடியில் கட்டியாகப் படியும், மேலே நுரை கட்டும், மூக்கில் ஒரு புளித்த நாற்றம் அடிக்கும். அதைத் தேற்றப் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டு, பாட்டிலை ப்ளீச்சில் கழுவி, ஃப்ரிட்ஜில் இருப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பாசி விழுவதைத் தடுத்துவிட முடியும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எல்லா பாட்டிலும் ஒரே நாளில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது. அதனால்தான் ஒரே பெரிய கேனுக்குப் பதில் நான்கு பாட்டில் சொன்னேன்.

இனி ரோட்டிஃபர். இந்தச் சின்ன உயிரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1950-60களில் ஜப்பானில் விலாங்கு மீன் வளர்த்த குளங்களில் இது ஒரு தொல்லையாகத்தான் பார்க்கப்பட்டது. இது பெருகினால் குளத்துப் பாசி முழுவதும் காலியாகிவிடும். அப்படிப் பாசியைத் தின்று தீர்க்கும் ஒன்றையே கடல் மீன் குஞ்சுக்கு இரையாகக் கொடுத்தால் என்ன என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் யோசித்தார்கள். இன்று உலகம் முழுக்கக் கடல் மீன் ஹேச்சரிகள் நடப்பது அந்த யோசனையின் மேல்தான். நமக்கு வேண்டியது பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் என்ற கடல் இனம். நல்ல தீனியும் சூடும் கிடைக்கும்வரை பெண்கள் ஆண் துணையில்லாமலேயே முட்டை வைத்துப் பெருகும். பிறந்தது அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் வளர்ந்துவிடும். அதன்பின் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒரு முட்டை.

இருபது லிட்டர் வாளி ஒன்று, அல்லது பத்து லிட்டரில் இரண்டு. நான் இரண்டையே சொல்வேன். ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கும். அதே 25 பிபிடி உப்பு, மெதுவான பெரிய குமிழிக் காற்று. நுண்குமிழி வந்தால் ரோட்டிஃபர் அதில் ஒட்டி மேலே மிதந்து நுரையில் சிக்கிச் சாகும். தண்ணீர் எப்போதும் இளம்பச்சையாக இருக்கும்படி காலையும் மாலையும் பாசி ஊற்றுங்கள். ராத்திரி ஊற்றிய பச்சை காலையில் வெளுத்துக் கிடந்தால் அவை நன்றாகத் தின்கின்றன என்று அர்த்தம், உடனே ஊற்ற வேண்டும். இரண்டு நாள் ஆகியும் பச்சை அப்படியே நின்றால் ரோட்டிஃபர் நலமாக இல்லை.

எண்ணிக்கை பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மில்லி பிப்பெட்டில் தண்ணீர் எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஒரு கைலென்ஸில் பாருங்கள். வெள்ளைத் தூசிபோல, ஆனால் தூசி மாதிரி விழாமல், தானாக உருண்டு உருண்டு நீந்துபவைதான் ரோட்டிஃபர். நிறைய இருந்தால் எண்ண முடியாமல் ஓடும். ஒரு துளி வினிகர் விட்டால் நின்றுவிடும், எண்ணலாம். குறைந்த விலை மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தால் அதைவிட முக்கியமான விஷயம் தெரியும்: பெண்கள் வாலோரமாக முட்டை சுமக்கின்றனவா என்பது. மூன்றில் ஒன்றாவது முட்டையோடு இருந்தால் நாளைக்கு அறுவடை உண்டு. முட்டை சுமப்பவை குறைந்துகொண்டே வந்தால், தண்ணீர் எவ்வளவு நல்ல நிறத்தில் இருந்தாலும் இரண்டொரு நாளில் அந்த வாளி விழப்போகிறது. மில்லிக்கு நூறு வந்ததும் தினம் கால்பங்கை 50 மைக்ரான் துணியில் வடித்து எடுங்கள், வெளியேற்றிய அளவுக்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். அறுவடை செய்யாமல் சேர்த்துவைத்தால் நிறைய கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கூட்டம் மிஞ்சினால் அம்மோனியாவில் எல்லாம் ஒரே இரவில் போகும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். குஞ்சுத் தொட்டி 20 லிட்டர் என்றால், மில்லிக்குப் பத்து ரோட்டிஃபராவது எப்போதும் இருக்க வேண்டும். அதாவது 2 லட்சம். நூறு எண்ணிக்கையுள்ள 20 லிட்டர் வாளியில் 20 லட்சம் இருக்கும், கால்பங்கு எடுத்தால் 5 லட்சம். முதல் நிரப்புதலுக்கும், தின்று குறைவதை ஈடுகட்டுவதற்கும் இது தாராளம். இந்த நிலை ஒரு வாரம் தொடர்ந்து நின்றால் உங்களுக்குக் குஞ்சு எடுக்கத் தகுதி வந்துவிட்டது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பாசியும் ரோட்டிஃபரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் எதிரெதிர் மூலையாவது. ஒரு சொட்டு ரோட்டிஃபர் தண்ணீர் பாசி பாட்டிலில் தெறித்தால் நான்கே நாளில் பாட்டில் வெளுத்துவிடும். தினம் முதலில் பாசி வேலை, பிறகு ரோட்டிஃபர் வேலை, கடைசியில் மீன் வேலை. இந்த வரிசையைத் திருப்பாதீர்கள். ஒரு வேலைக்கான குவளையையும் குழாயையும் இன்னொன்றுக்குத் தொடாதீர்கள்.

இனிப் பொரிக்கும் இரவு. முட்டை முதலில் ஆரஞ்சு, நாள் ஆக ஆகப் பழுப்பு. கடைசி நாளில் ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளி மின்னுகிற இரண்டு கண் தெரியும். அன்று மாலையே சட்டியை, தண்ணீரைவிட்டு வெளியே வராமல் ஒரு பாத்திரத்தோடு சேர்த்து, குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தத் தொட்டியில் தாய்த் தொட்டியின் தண்ணீரே இருக்கட்டும். ஆண் மீன் விசிறும் வேலையை ஏர் ஸ்டோன் செய்ய வேண்டும். குமிழி முட்டைமேல் படாமல் அதன் நீரோட்டம் மட்டும் முட்டைகளை அசைக்கும்படி வையுங்கள். விளக்கை முழுக்க அணைத்துவிடுங்கள். இருட்டான ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். சட்டியை மாற்ற முடியாத இடத்தில் ஒட்டியிருந்தால், பொரிந்தபின் ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள். வெளிச்சத்துக்குக் கூடும், குவளையால் முகந்து எடுக்கலாம். வலை கூடவே கூடாது. குஞ்சின் உடம்பில் இன்னும் செதிலே இல்லை. வலை நூல் பட்ட இடமெல்லாம் காயம்.

குஞ்சுத் தொட்டியின் நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் குஞ்சுகள் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டே நின்று களைத்துச் சாகும். மேலிருந்து மங்கலான விளக்கு, தண்ணீரைத் தேநீர்க்கோப்பையில் அள்ளினால் அடி தெரியும் அளவுக்கு இளம்பச்சையாகப் பாசி. இந்தப் பச்சைத் தண்ணீரால் இரண்டு லாபம்: ரோட்டிஃபர் தொட்டிக்குள்ளேயும் சத்து குறையாமல் தின்றுகொண்டிருக்கும், குஞ்சுக்கு அந்தப் பின்னணியில் இரை எடுப்பாகத் தெரியும். ரோட்டிஃபரைக் கொட்டும்முன் இரண்டு தண்ணீரின் உப்பையும் அளந்து பாருங்கள். 25-ல் வளர்ந்ததைத் திடீரென 34-ல் போட்டால் அதிர்ச்சியில் நீந்தாமல் அடியில் படியும். குஞ்சுக்கு அது கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ஏற்றிப் பழக்குங்கள்.

மறுநாள் காலை ஒரு கைலென்ஸை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். பசியுள்ள குஞ்சு ஒரு ரோட்டிஃபரைக் கண்டால் நின்றுவிடும். உடம்பை ஆங்கில எஸ் எழுத்துப்போல வளைக்கும். ஒரு கணம் அப்படியே இருக்கும். பிறகு அம்புபோலப் பாய்ந்து கவ்வும். முதல் நாளில் பாதி பாய்ச்சல் குறி தவறும். அதனால்தான் இரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்கிறேன். தவறவிட்ட இடத்திலேயே அடுத்தது கிடைக்க வேண்டும், தேடி நீந்தும் தெம்பு அதற்கு இல்லை. வளைந்து பாயும் குஞ்சுகள் கண்ணில் பட்டு, வயிறும் உருண்டு தெரிந்தால் அந்தக் குஞ்சுகள் நான்காம் நாளைத் தாண்டும்.

நாள்தோறும் அடியில் படியும் கசடை ஏர் குழாயால் உறிஞ்சி எடுத்து, பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டு மாற்றுங்கள். ஃபில்டர் இப்போது வேண்டாம், ரோட்டிஃபரையும் குஞ்சையும் சேர்த்து இழுத்துவிடும். அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். இந்த வேலையில் நான் கட்டாயம் வாங்கச் சொல்லும் பொருள் அதுதான்.

ஆறாம், ஏழாம் நாள் உங்கள் தம்பி கொடுத்த ஆர்ட்டீமியாவுக்கு வேலை வரும். உங்கள் ஊர் உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா உண்டு. டப்பாவில் வரும் முட்டையில் நிறைய அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக்கிலிருந்து எடுத்தது. லிட்டருக்கு ஒரு கிராம், பலமான காற்று, வெளிச்சம், 28 டிகிரி. ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் படியும், புழுக்கள் வெளிச்சத்துக்கு வரும். அவற்றை மட்டும் குழாயால் எடுங்கள். ஓடு கலந்துபோனால் குஞ்சின் குடலை அடைக்கும். முதலில் கொஞ்சமாகக் கொடுத்து, வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிகிற குஞ்சுகள் எத்தனை என்று பாருங்கள். எல்லா வயிறும் ஆரஞ்சாகும்வரை ரோட்டிஃபரை நிறுத்தக் கூடாது. சின்னக் குஞ்சு பின்தங்கும், அதற்கு இன்னும் சில நாள் வேண்டும்.

ஆர்ட்டீமியாவில் ஒரு குறை உண்டு. கடல் மீனுக்கு அவசியமான டிஎச்ஏ என்ற கொழுப்பு அதில் ஏறக்குறைய இல்லை. இந்தக் குறையோடு வளர்ந்த குஞ்சு பார்க்க நன்றாகவே இருக்கும். ஒருநாள் விளக்கைப் போட்டதும், அல்லது யாரோ தொட்டியைத் தட்டியதும், துடித்து, விறைத்து, அடியில் விழுந்து சாகும். அதிர்ச்சியில் செத்தது என்பார்கள். அதிர்ச்சியைத் தாங்கும் சத்து அதற்குக் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. பொரிந்த புழு முதல் எட்டு மணி நேரம் ஏறக்குறைய எதையும் தின்னாது. அதன்பின் வாய் திறந்ததும் டிஎச்ஏ உள்ள ஊட்டக் கரைசலில் சில மணி நேரம் வைத்து, கழுவிப் போடுங்கள். நானோகுளோராப்சிஸில் இபிஏ என்ற இன்னொரு கொழுப்பு நிறைய, டிஎச்ஏ குறைவு. அதனால் ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பாசியை ஒரு பாட்டில் வளர்த்து ரோட்டிஃபருக்குக் கலந்து கொடுத்தால் ஆரம்பத்திலிருந்தே இந்தக் குறை வராது. வெப்பத்தை அது அவ்வளவாகத் தாங்காது, கொஞ்சம் செல்லமாகப் பார்க்க வேண்டும்.

பத்தாம் நாளையொட்டி உருமாற்றம். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை மங்கலாக வரும், நடுநீரில் திரிந்த குஞ்சு தொட்டிச் சுவரோரம் இறங்கும். இங்கேயும் சில சாகும், அது நல்ல ஹேச்சரியிலும் நடப்பதுதான். பட்டை வந்த பிறகு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடலாம், தூள் தீனியைப் பழக்கலாம். முதல்முறையே முந்நூறு முட்டையில் முப்பது குஞ்சு நின்றால் நான் உங்களைப் பாராட்டுவேன்.

கேள்வி: பாசிக்குப் பதில் ரொட்டிக் கடை ஈஸ்ட் கொடுத்தே ரோட்டிஃபர் வளர்க்கலாம் என்கிறார்களே? கரண்ட் போனால் என்ன செய்வது?

பதில்: ஈஸ்டில் ரோட்டிஃபர் வளரும், பெருகவும் பெருகும். ஆனால் ஈஸ்டில் மீனுக்கு வேண்டிய கொழுப்பு இல்லை. ஈஸ்ட் தின்ற ரோட்டிஃபர் வயிறு நிரப்பும், உடம்பு வளர்க்காது. ஒரு கிராம் கூடினாலும் தண்ணீர் கெடும். ஈஸ்டை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாசி விழுந்த நாட்களில் வாளியை உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சமாகக் கரைத்து விடலாம். அப்படி வளர்ந்ததைக் குஞ்சுக்குப் போடும்முன் சில மணி நேரமாவது நல்ல பாசியில் விட்டெடுங்கள். அதைவிட நல்லது, ஃப்ரிட்ஜில் வைக்கும் நானோகுளோராப்சிஸ் பசை. விலை அதிகம்தான். ஆனால் வேலைக்குப் போகும் ஒருவர் நான்கு பாட்டிலைத் தினமும் பார்க்க முடியாது என்றால், ரோட்டிஃபருக்குப் பசையையும் குஞ்சுத் தொட்டிக்கு மட்டும் உயிர்ப்பாசியையும் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

கரண்ட் விஷயத்தில் குஞ்சைவிட ரோட்டிஃபர் வாளிதான் முதலில் மூச்சுத் திணறும், கூட்டம் அங்கேதான் அதிகம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை அந்த வாளிக்கென்றே ஒதுக்குங்கள். குஞ்சுத் தொட்டி சில மணி நேரம் சும்மா இருந்தாலும் தாங்கும். பாசிக்கு அவ்வப்போது பாட்டிலைக் கையால் குலுக்கினால் போதும்.

கேள்வி: இது கைகூடினால் அடுத்து கடல் குதிரை வளர்க்க ஆசை. வலையில் அகப்பட்டதைத் தெரிந்த மீனவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். என் மகளோ டோரி மீன்தான் வேண்டும் என்கிறாள்.

பதில்: கடல் குதிரை வேண்டாம் அம்மா. 2001-லேயே அதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பவளப்பாறைத் துண்டுகளுக்கும் இதே சட்டம்தான். "லைவ் ராக்" என்று யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். உங்கள் கடற்கரைக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா, 1986-ல் அறிவித்தது, 21 தீவுகள். அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம். வலையில் கடல் குதிரை உயிரோடு வந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடும்படி அந்த மீனவரிடம் நீங்களே சொல்லுங்கள். தெரிந்தவர் சொன்னால் கேட்பார்.

டோரி, அதாவது நீல டேங், வீட்டுக்காரியம் இல்லை. அது முட்டையைக் கடலில் மிதக்கவிடும் மீன். பொரியும் குஞ்சுக்குக் கண்ணும் தெளிந்திருக்காது, வாயும் திறந்திருக்காது. வாய் திறந்த பிறகும் ரோட்டிஃபரே பெரிதாகிவிடும். கோப்பிபோட் என்ற கடல் நுண்ணுயிரியின் இளம்புழுதான் வேண்டும், ரோட்டிஃபரைவிட அதை வளர்ப்பது பல மடங்கு கடினம். அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 2016-ல்தான் முதல்முறையாக இதை வளர்த்தெடுத்தார்கள். கடைகளில் கிடைக்கும் டோரி பெரும்பாலும் பவளத்திட்டில் பிடித்தது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

க்ளவுனுக்கு அடுத்து ஒரு மீன் வேண்டுமென்றால் பாங்காய் கார்டினலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளுக்கே உரிய மீன், அங்கே அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆகவே ஹேச்சரியில் பொரித்த ஜோடியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆண் மீன் முட்டையை வாயிலேயே சுமக்கும், பொரிந்த குட்டிகளையும் கொஞ்ச நாள் வாயிலேயே வைத்திருந்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து முழு மீன் உருவத்தில் வெளியே விடும். ரோட்டிஃபர் தேவையே இல்லை; முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும். மேலே சொன்ன டிஎச்ஏ ஊட்டம் மட்டும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, பயந்து விறைத்துச் சாவதில் இது க்ளவுனையும் மிஞ்சும். ஆணின் தாடை உப்பியிருக்கும் நாட்களில் அது தீனி தொடாது. நோய் என்று பயந்து மருந்து விடாதீர்கள், வேறு தொட்டிக்கு மாற்றவும் முயலாதீர்கள். மிரண்டால் முட்டையைத் துப்பிவிடும்.